பத்து விநாடியும் ஒரு முழு நாளும்: இதயத்துடிப்பை முதுகில் சுமந்த மனிதரின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். நம் ஊரில் பல வீடுகளுக்குத் தேவையான விடயம் என்பதால்தான் எழுதுகிறோம்.

எங்கள் வாப்பா முதன்முதலாக விழுந்தது கடை வாசலில். ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். அரை நிமிடம்கூட இருக்காது, எழும்பி உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, தலை சுற்றியது" என்றார். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம். இசிஜி எடுத்தார்கள். நோர்மல். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம்.

இரண்டு மாதம் கழித்து வீட்டு விறாந்தையில் விழுந்தார். மறுபடியும் இசிஜி. மறுபடியும் நோர்மல். "பித்தம்", "காஸ்", "வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிப்பதுதான் காரணம்" என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னோம். உம்மா மட்டும் "இல்லை மகன், விழும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன், மையத்து முகம் மாதிரி வெளுத்துப் போயிருந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் படித்த பிள்ளைகள். கையில் நோர்மல் என்ற கடதாசி இருந்தது. உம்மாவின் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

அந்தக் கடதாசி பொய் சொல்லவில்லை. அதில் இருந்தது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் வாப்பாவின் இதயம் ஒழுங்காகத்தான் துடித்தது. மீதி நேரத்தில் என்ன நடந்தது என்பதை அந்தக் கடதாசியிடம் கேட்டது எங்கள் பிழை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. சாதாரண இசிஜி பார்ப்பது அதில் ஏறக்குறைய 12 துடிப்பு. ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் 10 விநாடி என்பது 8,640இல் ஒரு பங்கு. எட்டாயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள ஒரு புத்தகத்தில் ஒரேயொரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இதில் எழுத்துப்பிழை இல்லை" என்று சொல்வதைப் போன்றது அது.

மீதிப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும் என்று மனிதர்கள் எப்போது நினைத்தார்கள்? எப்படி வாசித்தார்கள்? அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

*

*விரலிலிருந்து கம்பிக்கு*

மிக நீண்ட காலம் இதயத்தை அறிய மனிதனிடம் இருந்தது மூன்று விரல் மட்டும்தான். நம் ஊர் ஹகீம்மார், சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர் எல்லோரும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தவர்கள்தான். 1037இல் வஃபாத்தான இப்னு சீனா தம்முடைய 'அல் கானூன்' நூலில் நாடியைப் பத்து அம்சங்களாகப் பிரித்து விளக்கினார். அதன் அளவு, வேகம், வலிமை, ஒழுங்கு, ஒழுங்கின்மை எல்லாம் அதில் வரும். ஒழுங்கற்ற துடிப்பு ஒரு தனி விடயம், கவனிக்க வேண்டியது என்று அன்றே தெரிந்திருந்தது. ஆனால் விரல் வைத்திருக்கும் வரைதான் நாடி தெரியும். கையை எடுத்தால் செய்தியும் போய்விடும். எழுதி வைக்க வழியில்லை.

இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை மனித உடலின் வெளியிலிருந்தே முதன்முதலில் பதிந்து காட்டியவர் அகஸ்டஸ் வொலர். ஆண்டு 1887, இடம் லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலை. அவர் வளர்த்த ஜிம்மி என்ற புல்டோக் நாயை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் கால் வைத்து நிற்கச் செய்து, அதன் இதயத்துடிப்பைச் சபையோருக்குக் காட்டுவார். 1909இல் அப்படிக் காட்டியதைக் கேள்விப்பட்ட ஒரு பாராளுமன்ற உறுப்பினர், இது மிருகவதை இல்லையா என்று சபையில் கேள்வி எழுப்பினார். நாய் வெறுமனே உப்புத் தண்ணீரில் நின்றது, வேறொன்றும் நடக்கவில்லை என்று உள்துறை அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவும் செய்த வொலருக்கே, இது வைத்தியசாலைகளில் பெரிதாகப் பயன்படும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. கண்டுபிடித்தவருக்கே அதன் பெறுமதி தெரியாமல் போவது வரலாற்றில் புதிதல்ல.

அடுத்தவர் வில்லெம் ஐந்தோவன். 1860இல் யாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தவர். தகப்பன் அங்கே வைத்தியர். நம் நாட்டு மலாய் உறவுகளின் முன்னோரில் பலர் ஒல்லாந்தர் காலத்தில் வந்துசேர்ந்தது அதே யாவாவிலிருந்துதான். தகப்பன் இறந்த பின் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெதர்லாந்துக்குப் போனார். அந்தப் பிள்ளை லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மயிரைவிட மெல்லிய, வெள்ளி பூசிய ஓர் இழையைப் பெரிய மின்காந்தத்தின் நடுவே கட்டி, இதயத்தின் மின்சாரம் பாயும்போது அந்த இழை அசைவதைப் படமாக எடுத்தார். அந்த இழையைச் செய்த விதமே ஒரு கதை. உருக்கிய படிகக் கல்லை அம்பில் ஒட்டி வில்லால் எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் கல் நூலாக இழுபடும். அந்த நூல்தான் இழை.

இன்றைக்கும் இசிஜி கடதாசியில் வைத்தியர்கள் சொல்லும் பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்ற பெயர்கள் ஐந்தோவன் வைத்தவை. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அவருடைய இயந்திரத்தின் நிறை ஏறக்குறைய 270 கிலோ. இரண்டு அறை நிறைய இருந்தது. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். இயந்திரத்தை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே 1905இல் வைத்தியசாலையிலிருந்து தன் ஆய்வுகூடத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பை வரவழைத்தார். தூரத்திலிருந்து இதயத்தைக் கேட்பது அன்றே தொடங்கிவிட்டது.

இயந்திரம் பிறகு சிறிதாகி மேசைக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்துக்கும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் மாறவில்லை: நோயாளி அசையக் கூடாது. படுத்திருக்கும் மனிதனின் இதயத்தைத்தான் வைத்தியம் அறிந்திருந்தது. ஷட்டர் தூக்கும் மனிதனின் இதயத்தை, மாடிப்படி ஏறும் தாயின் இதயத்தை, பிள்ளையைக் கண்டித்துக்கொண்டிருக்கும் வாத்தியாரின் இதயத்தை யாரும் பார்த்ததில்லை.

*

*முதுகில் 38 கிலோ*

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலேனா என்று ஒரு சிறிய நகரம். பெரிய பல்கலைக்கழகமோ புகழ்பெற்ற வைத்தியசாலையோ உள்ள இடமல்ல. 1914இல் அங்கே பிறந்தவர் நோர்மன் ஜெஃப் ஹோல்டர். பாட்டனார் நோர்வேயிலிருந்து குடியேறி, மர ஆலையும் ஹாட்வெயார் வியாபாரமும் நடத்தியவர். பேரன் வைத்தியம் படிக்கவில்லை. இரசாயனவியலும் பௌதிகவியலும் படித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலலைகளை ஆராய்ந்தார். 1946இல் பிக்கினித் தீவில் அணுகுண்டுப் பரிசோதனை நடந்தபோது அங்கும் ஆய்வுக்குழுவில் இருந்தார்.

அழிவின் அளவை அளந்து பார்த்த அந்த மனிதர், அதற்குப் பின் ஊருக்குத் திரும்பி வந்து அளக்கத் தொடங்கியது இதயத்தை. 1947இல் ஹெலேனாவில் தன் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்.

இந்த எண்ணம் அவருக்கு வந்த வழி நேரானதல்ல. ஜோசப் ஜெங்கரெல்லி என்ற உளவியல் பேராசிரியரோடு சேர்ந்து, கம்பி தொடாமலே தவளையின் நரம்பைத் தூண்ட முடியுமா என்று முன்பு ஆராய்ந்தவர் அவர். பிறகு இருவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். உடலுக்குள் செய்தி அனுப்புவதற்குப் பதிலாக, உடல் அனுப்பும் செய்தியை ரேடியோவில் பிடித்தால் என்ன? முதலில் மூளையின் மின்னலைகளை முயன்றார்கள். பிறகு இதயத்துக்கு மாறினார்கள். காரணம் மிக எளிமையானது. இதயத்தின் மின்சாரம் மூளையினுடையதைவிடப் பத்து மடங்கு அளவு பெரியது, பிடிப்பது சுலபம். இதய நோயாளிகளும் அதிகம்.

அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஹோல்டர் ஒரு நிலைச் சைக்கிளில் இருக்கிறார். முதுகில் பெரியதொரு பெட்டி. உள்ளே ரேடியோ வால்வுகளும் பற்றறிகளும். நிறை 85 இறாத்தல், அதாவது 38 கிலோவுக்கு மேல். நம் கடைகளுக்கு வரும் 50 கிலோ அரிசி மூட்டையில் முக்கால் பங்கு! அதைச் சுமந்துகொண்டு அவர் பெடல் மிதிக்க, அவருடைய இதயத்துடிப்பு ரேடியோ அலையாகப் பக்கத்தில் இருந்த கருவிக்குப் போய்ப் பதிவானது.

பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். 38 கிலோவைச் சுமந்துகொண்டு நோயாளி எங்கே போவது? ஆனால் அசைந்துகொண்டிருக்கும் மனிதனின் இதயத்தையும் பதியலாம் என்பது அதோடு நிரூபணமாகிவிட்டது. மிச்சம் இருந்தது அதைச் சிறிதாக்கும் வேலை.

அதற்கு வழி விட்டது ட்ரான்சிஸ்டர். நம் மூத்தவர்களுக்குத் தெரியும், வால்வு ரேடியோ எவ்வளவு பெரிய பெட்டி, ட்ரான்சிஸ்டர் ரேடியோ எப்படிக் கையில் அடங்கியது என்று. அதே மாற்றம் ஹோல்டரின் பெட்டிக்கும் நடந்தது. ரேடியோவால் அனுப்பினால் நோயாளி கருவியை விட்டுத் தூரம் போக முடியாது. ஆகவே நோயாளியின் உடம்பிலேயே ஒரு சிறிய டேப் ரெக்கோடரைக் கட்டிவிட்டார்கள். அவர் தன் வேலையைப் பார்க்கலாம், நாடா பதிந்துகொண்டே இருக்கும். ஹோல்டரோடு உழைத்த பொறியியலாளர் வில்ஃபர்ட் கிளாஸ்கொக்கின் பங்கு இதில் பெரியது.

ஆனால் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. ஒரு லட்சம் துடிப்பைப் பதிந்து கொடுத்தால் வாசிப்பது யார்? 24 மணிநேரப் பதிவை வாசிக்க 24 மணிநேரம் தேவைப்பட்டால் எந்த வைத்தியர் தாங்குவார்? அதற்கும் வழி கண்டார்கள். நாடாவை 60 மடங்கு வேகத்தில் ஓட்டினார்கள். 24 மணிநேரம் 24 நிமிடமாகச் சுருங்கியது. துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், கூடவே ஒலியாகவும் கேட்கும். ஒழுங்கான துடிப்பு என்றால் ஒரே சீரான ரீங்காரம். ஒரு துடிப்புப் பிசகினாலும் அந்த ஒலி மாறும், காது உடனே பிடித்துவிடும். ஓதும் பிள்ளை ஓரிடத்தில் தடுமாறினால் கிதாபைப் பார்க்காமலே ஹஸரத் தலை நிமிர்வாரே, அதே மாதிரி.

1961இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஹோல்டர் இதை உலகுக்கு அறிவித்தார். நடமாடும் மனிதரின் இதயத்தை நீண்ட நேரம் தொடர்ந்து பதிவது இனிச் சாத்தியம் என்பதுதான் சாரம். 1960களின் முற்பகுதியில் டெல் மார் என்ற நிறுவனம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹோல்டர் 1983இல் காலமானார். வைத்தியராக இல்லாத அவருடைய பெயர் இன்று உலகெங்கும் இருதய கிளினிக்குகளில் தினமும் உச்சரிக்கப்படுகிறது. "இவருக்கு ஒரு ஹோல்டர் போடுங்கள்" என்றால் அது ஒரு மனிதரின் பெயர் என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது.

*

*எங்கள் வீட்டில் ஹோல்டர்*

மூன்றாம் முறை வாப்பா விழுந்தபோது மணிக்கட்டு உடைந்தது. அந்தத் தடவை பார்த்தவர் ஓர் இளம் வைத்தியர். அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. உம்மாவைப் பார்த்து, "விழும்போது முகம் எப்படி இருந்தது? எழும்பும்போது எப்படி இருந்தது?" என்று கேட்டார். உம்மா எட்டு மாதமாக எங்களிடம் சொல்லி வந்ததை அவரிடம் சொன்னார். முகம் வெளுத்தது. எழும்பும்போது சிவந்தது. வைத்தியர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இதயம் சில விநாடி நின்று, பிறகு மறுபடி ஓடத் தொடங்கினால் முகம் அப்படித்தான் மாறும் என்று விளக்கினார்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. நெஞ்சில் ஒட்டிய சில வயர்கள். 24 மணிநேரம். குளிக்கக் கூடாது என்றார்கள். வாப்பாவுக்குக் கவலை வுழூவைப் பற்றித்தான். நெஞ்சில்தானே ஒட்டியிருக்கிறது, முகம் கை கால் கழுவலாம், கருவியிலும் வயரிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தங்கை விளக்கிச் சொன்னபின்தான் அவருக்கு முகம் மலர்ந்தது. பெண்களுக்கும் ஒரு வார்த்தை: பெண் ஊழியர் ஒருவர் வயரை ஒட்டிவிட வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். வெட்கத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கருவியோடு ஒரு குறிப்பும் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு நடந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எப்போது படபடப்பு வந்தது என்று. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் படபடப்பு வந்த நேரத்தையும் துடிப்பின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். உம்மா பழைய கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

முதல் ஹோல்டரில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் பிடிபட்டது. அதிகாலை 3 மணிக்குப் பிறகு வாப்பாவின் இதயம் ஆறு விநாடிக்கும் மேல் நின்றிருந்தது. உம்மாவின் கொப்பியில் அந்த நேரத்துக்கு நேரே "தஹஜ்ஜுதுக்கு எழும்பினார், தலை சுற்றியது என்று மறுபடி படுத்தார்" என்று இருந்தது.

இன்று வாப்பாவின் தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் இருக்கிறது. உலகில் முதன்முதலாக அப்படியொரு கருவி உடலுக்குள் பொருத்தப்பட்டது 1958இல், சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் என்பவருக்கு. அவருக்கும் இதே மாதிரி இதயம் நின்று நின்று ஓடும் நோய்தான். அவர் அதற்குப் பிறகு 43 வருடம் வாழ்ந்தார், கருவியைச் செய்த பொறியியலாளரும் பொருத்திய சத்திரசிகிச்சை நிபுணரும் இறந்த பின்னும்.

*

*ஒரு நாளும் போதாது*

முதல் ஹோல்டரில் ஏன் பிடிபடவில்லை? அந்த நாளில் அது வரவில்லை, அவ்வளவுதான். மாதத்துக்கொரு முறை வரும் திருடனை ஒரு இரவு காவல் இருந்து பிடிக்க முடியாது. ஹோல்டருக்குப் பிந்திய வரலாறு முழுவதும் காவல் நேரத்தை நீட்டும் வரலாறுதான்.

1990களில் தோலுக்கடியில் வைத்து வருடக்கணக்காகப் பதியும் சிறு கருவி வந்தது. 2009இல் வயரே இல்லாமல் நெஞ்சில் ஒட்டி 14 நாள் வைத்திருக்கும் ஒட்டுப்பட்டைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018இல் ஆப்பிள் கைக்கடிகாரத்திலேயே இசிஜி வந்தது.

இதன் பயன் எங்கே என்பதை ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஒரு நோய் இருக்கிறது. அது உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து சுமார் 5 மடங்கு. வந்து வந்து போவதால் பலருக்கு இருப்பதே தெரியாது. காரணம் தெரியாமல் பாரிசவாதம் வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. வழமையான பரிசோதனையில் ஆறு மாதத்தில் 1.4 சதவீதத்தினரிடம்தான் அந்த நோய் தெரிந்தது. தோலுக்கடியில் கருவி வைத்தவர்களில் 8.9 சதவீதத்தினரிடம் தெரிந்தது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையில்லை. டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டிய, பாரிசவாத ஆபத்துள்ள 6,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. கருவி வைத்தவர்களிடம் நோய் மூன்று மடங்கு அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் பாரிசவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அறிகுறியே இல்லாத எல்லோரையும் கருவி கட்டித் தேடுவதில் அவ்வளவு பயன் இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

கைக்கடிகாரமும் அப்படித்தான். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்தம் ஓடுவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. 4,19,297 பேர் பங்கேற்ற ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. அவர்களில் 0.52 சதவீதத்தினருக்கே "துடிப்பு ஒழுங்கில்லை" என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தவர்களில் ஒட்டுப்பட்டை போட்டுப் பார்த்த 450 பேரில் 34 சதவீதத்தினரிடமே அந்த நேரத்தில் நோய் பதிவானது. ஆகவே கடிகாரம் எச்சரித்தால் பதறாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காக நெஞ்சுவலியை அலட்சியம் செய்யாதீர்கள். கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

*

*கடைசியாக*

நாம் வைத்தியர்கள் அல்ல. பட்டுத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம்.

வீட்டில் யாராவது காரணமில்லாமல் மயங்கி விழுந்தால், ஓர் இசிஜி நோர்மல் என்பதோடு விடயத்தை மூடிவிடாதீர்கள். "நீண்ட நேரம் பதிந்து பார்க்க வேண்டுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது கேட்கக்கூடிய கேள்விதான், மரியாதைக் குறைவல்ல. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரைக் கூடவே கூட்டிப் போங்கள். என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் கிடந்தார், முகம் என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். மயங்கியவர் எழும்பாவிட்டால், நெஞ்சுவலி இருந்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள். அது இலவசம்.

ஹோல்டர் 38 கிலோவை முதுகில் சுமந்தது எதற்காக? மனிதனைப் படுக்கவைத்துப் பார்த்தால் போதாது, அவன் வாழ்ந்துகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதற்காக. எங்கள் வீட்டில் அந்த வேலையை எந்தக் கருவியும் இல்லாமல் நாற்பது வருடமாகச் செய்து வந்தவர் உம்மா. எட்டு மாதம் நாங்கள் அவரைக் கேட்கவில்லை. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும்.

வாப்பா இப்போது அஸருக்குப் போய்விட்டு வந்து விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். நோயோடு இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்கு அது உதவும்.